சிவப்புக்கு அடியில் மஞ்சள்

"ரெண்டையும் சேர்த்துப் போட்டா என்ன, மாமா?"

போன வாரம் வீட்டின் இளைய மருமகள் சின்னவள் கேட்ட இந்த ஒரு கேள்வி, காதுக்குள் நுழைந்த எறும்பைப் போலப் பெரியவளை இன்னும் குடைந்துகொண்டிருந்தது.

எல்லாரும் வாயடைத்து நின்ற நேரத்தில் அல்லவா கேட்டாள்! கடலோரத்தில் குழந்தைகள் பூங்கா கட்டுகிறவர் அன்று பட்டறை முற்றத்தில் நின்று, கையில் இரண்டு இரும்புத் தாங்கிகளை வைத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் அவருக்குப் பெயரே பூங்காக்காரர். ஊஞ்சல் சங்கிலியை மாட்டும் தாங்கிகள் அவை. உப்புநீரைப் புகையாகத் தெளிக்கிற சோதனைப் பெட்டிக்குள் நாள்கணக்கில் கிடந்துவிட்டு வெளியே வந்திருந்தன.

ஒன்று பெரியவளின் தொட்டியில் துத்தநாகம் ஏறியது. அதன் மேல் சாம்பல் தூவின மாதிரி வெள்ளை பூத்திருந்தது. மற்றது சின்னவளின் ஓவனில் சிவப்புப் பவுடர் பூசிச் சுட்டது. பளபளப்பில் குறைச்சல் இல்லை. ஆனால் சோதனைக்காகக் கீறிய கோட்டின் இரண்டு பக்கமும் துரு புகுந்து, சிவப்புக்கு அடியிலேயே எலி மாதிரி பொந்து தோண்டிக்கொண்டு போயிருந்தது.

"ஒண்ணு பார்க்க நல்லா இல்ல. இன்னொண்ணு நம்ப நல்லா இல்ல," என்றார் பூங்காக்காரர்.

அப்போதுதான் சின்னவள் வாயைத் திறந்தாள். அடியில் துத்தநாகம், மேலே பவுடர். சங்கிலி உரசிக் கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். துத்தநாகம் வெள்ளை பூக்காமல் பவுடர் போர்த்திக்கொள்ளும்.

மாமனார் தொடையில் ஓங்கித் தட்டினார். "அட! இது எனக்குத் தோணலையே!"

அந்தத் தட்டு பெரியவளின் கன்னத்தில் விழுந்தது.

இந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்த நாளிலிருந்து அவள் மாமனாரிடம் வாங்கிய பாராட்டெல்லாம் ஒரே எழுத்துதான். வேலை நன்றாக வந்தால் "ம்" என்பார். ரொம்ப நன்றாக வந்தால் அந்த "ம்" கொஞ்சம் நீளும். அந்த நீளத்துக்காக அவள் ஆசிட் புகையில் இருமியிருக்கிறாள், கைத்தோல் உரிய உழைத்திருக்கிறாள், காய்ச்சலோடு தொட்டிக்கு முன்னால் நின்றிருக்கிறாள். நேற்று வந்தவளுக்கு முழு வாக்கியமே கிடைத்துவிட்டது.

* * *

இன்று அந்தச் சேர்க்கைப் பூச்சுக்கு மாதிரித் தாங்கிகள் தயாராக வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பூங்காக்காரர் வருகிறார். பெரியவள் நான்கு தாங்கிகளுக்குத் துத்தநாகம் ஏற்றிக் கொடுக்க வேண்டும். சின்னவள் அவற்றின் மேல் பவுடர் பூசிச் சுட வேண்டும்.

வீட்டுக்கு முன்னால் முற்றம். முற்றத்தின் இடதுபக்கம் தொட்டிக் கொட்டகை, வலதுபக்கம் ஓவன் கொட்டகை. இடதுபக்கம் எப்போதும் ஈரம், வலதுபக்கம் எப்போதும் வெக்கை. நடுவில் பத்தடி வெறுந்தரை. அந்தப் பத்தடியைத் தாண்ட பெரியவளுக்கு இந்தக் கொஞ்ச மாதங்களாகக் கால் வருவதில்லை.

பெரியவள் தாங்கிகளைக் கொக்கியில் மாட்டி எண்ணெய் போகக் கழுவினாள். ஆசிட்டில் முக்கித் துருவை எடுத்தாள். தண்ணீரில் அலசித் துத்தநாகத் தொட்டியில் இறக்கிக் கரண்டைப் போட்டாள். தொட்டிக்குள் பொடிப்பொடியாய்க் குமிழி கிளம்பியது. அந்தச் சத்தம் அவளுக்குத் தாலாட்டு மாதிரி. ஆனால் இன்று அது காதில் ஏறவில்லை. எதிர்க் கொட்டகையிலிருந்து மாமனாரின் சிரிப்பு கேட்டுக்கொண்டிருந்தது.

சிரிக்கிறார்! இந்த மனுஷனுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே சின்னவள் வந்த பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது.

"மேலே அவ, அடியில நான்," என்று பெரியவள் தொட்டியைப் பார்த்துச் சொன்னாள். "ஊரே சிவப்பைப் பார்த்து அழகுன்னு சொல்லும். அடியில ஒருத்தி கிடக்கிறா, அவ கரைஞ்சுதான் காப்பாத்துறான்னு எவனுக்குத் தெரியப்போகுது?"

"யார்கிட்ட பேசிட்டிருக்க?" வேனில் சாமான் ஏற்ற வந்த கணவன் வாசலில் நின்றான்.

"தொட்டிகிட்ட. அதுவாவது எதிர்த்துப் பேசாது."

"சின்னவ யோசனை நல்ல யோசனைதான், இல்ல?"

"அதைப் போய் அவகிட்டயே சொல்லுங்களேன்."

"சொல்லிட்டுத்தான் வரேன்."

பெரியவள் கையிலிருந்த கொக்கியை வாளிக்குள் வீசினாள். வாளி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினோம் என்று தெரியாமலே அந்த நல்ல மனிதன் விசில் அடித்துக்கொண்டு வேனுக்குப் போனான்.

கொஞ்ச நேரத்தில் சின்னவளே வந்துவிட்டாள். நெற்றியில் ஏற்றிவைத்த புதுப் பாதுகாப்புக் கண்ணாடி. மாமனார் தானாகப் போய் வாங்கி வந்தது. பெரியவளின் கண்ணாடிக்கு ஒரு காது உடைந்து, நூலால் கட்டி வைத்திருந்தாள். அதை இதுவரை யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

"அக்கா, உள்ள வரலாமா?"

"மாமனார் கட்டின கொட்டகை. என்னை எதுக்குக் கேக்கற?"

சின்னவள் சிரித்தாள். குத்தலைச் சிரிப்பாலேயே துடைத்துப் போடுகிற வித்தை அவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "தாங்கி எப்ப கிடைக்கும்னு கேக்க வந்தேன்கா."

"ஆகறப்போ ஆகும். இது தோசை மாதிரி புரட்டிப் போடுற வேலை இல்ல."

"அவசரமில்லக்கா. இந்தப் பக்கத்து வேலை எனக்கு அவ்வளவாப் பழக்கமில்ல. நீங்க எப்படிக் கொடுக்கிறீங்களோ, அப்படியே வாங்கிப் பூசிடறேன். உங்களுக்குத் தெரியாததா?"

சொல்லிவிட்டு, ஈரத் தரையில் வழுக்காமல் கால்விரலை ஊன்றி ஊன்றிப் போய்விட்டாள்.

பெரியவள் கரண்டை நிறுத்தினாள். தாங்கிகளை மேலே எடுத்தாள். வெள்ளி மாதிரி வந்திருந்தன. மூலைமுடுக்கெல்லாம் ஒரே சீராய் ஏறியிருந்தது. மாமனார் பார்த்தால் நீளமான "ம்" நிச்சயம்.

இனிச் செய்ய வேண்டியது அலசிக் காயவைப்பது மட்டும்தான். அதுதான் முறை.

அலசல் தொட்டிக்கு அடுத்தது மஞ்சள் தொட்டி. வெறும் துத்தநாகமாகவே போகிற சாமானுக்குக் கடைசியாக அதில் ஒரு முக்கு. மேலே மெல்லிய மஞ்சள் படலம் ஏறும். வெயிலில் பிடித்தால் மயில் கழுத்து மாதிரி நிறம் மாறும். துத்தநாகத்துக்கு அது காவல். ஆனால் சூடு அதற்கு ஆகாது. ஓவன் சூட்டில் அந்தப் படலம் நொறுங்கிப் போகும். நொறுங்கின தரையில் பெயிண்ட் எப்படி நிற்கும்?

பெரியவளுக்கு இது தெரியாமல் இல்லை. முன்பொரு தடவை, கேட் செய்கிற ஒருவர் மஞ்சள் போட்ட கீல்களைக் கேட்காமல் கொள்ளாமல் வெளியில் கொடுத்துப் பெயிண்ட் பூசிச் சுட்டுவிட்டார். வெங்காயத் தோல் மாதிரி மொத்தமும் கழன்றுவந்தது. அன்றைக்கு மாமனார் இதே இடத்தில் நின்று சொன்னார்: "சூட்டுக்குப் போற சாமானுக்கு மஞ்சள் காட்டாதே."

இன்று பெரியவளின் கை அலசல் தொட்டியைத் தாண்டி நீண்டது.

'அவ கேக்கலையே,' என்றது மனசு. 'எப்படிக் கொடுத்தாலும் சரின்னுதானே சொன்னா. இங்கேருந்து போற சாமான் எல்லாம் மஞ்சளாத்தான் போகும். வழக்கம்தானே?'

பூச்சு உரியட்டும். மாமனார் முகம் சுருங்கட்டும். பூங்காக்காரர், "இந்தச் சேர்க்கை விளையாட்டே வேண்டாம், துத்தநாகத்தையே கொஞ்சம் தடிமனாப் போட்டுக் கொடுங்க," என்று இடதுபக்கக் கொட்டகைக்குத்தானே திரும்பி வருவார்?

தாங்கிகள் மஞ்சளுக்குள் இறங்கின.

ஒருத்தரைக் கவிழ்க்க இவ்வளவு சின்ன வேலை போதும் என்று பெரியவளுக்கு அதுவரை தெரியாது.

காய்ந்த தாங்கிகளைத் தட்டில் அடுக்கித் துணி போட்டு மூடி, முற்றத்தின் நடுவில் கொண்டுபோய் வைத்தாள். பத்தடியில் ஐந்தடிதான் அவள் பங்கு. "இந்தா, ரெடி," என்று குரல் மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள்.

* * *

சாப்பாட்டு மேசையில் மாமியார் பரிமாறிக்கொண்டிருந்தார். மாமனாருக்குப் பக்கத்து நாற்காலி பல வருஷமாகக் காலியாகவே இருந்தது. அது மூத்த மகன் உட்காராத இடம், இளையவன் பயப்படுகிற இடம். அதில் இப்போது சின்னவள் உட்கார்ந்து, எதையோ சொல்லிக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கையை மேசைக்கு அடியில் வைத்திருந்தாள்.

"பூச்சு எப்படிம்மா வந்திருக்கு?" மாமனார்.

"நல்லா வந்திருக்கு மாமா. ஆறிட்டிருக்கு."

நல்லா வந்திருக்காம்! பெரியவள் தண்ணீர் குடித்தாள். தண்ணீர் கூடக் கசந்தது. ஓவனிலிருந்து எடுத்த உடனே தெரியாதுதான். பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். பிளேடு பட்டால்தான் குட்டு வெளிப்படும்.

"எப்படியோ, இன்னைக்கு அவர் தலையை ஆட்டிட்டாப் போதும்," என்றார் மாமனார். "காலைல பேசினார். வெறும் துத்தநாகம் வேண்டவே வேண்டாம்னு முடிவா சொல்லிட்டார். இந்தச் சேர்த்துப் போட்டது சரி வரலைன்னா பவுடரை மட்டும் ரெண்டு தடவை அடிச்சுக் கொடுக்கச் சொல்றார்."

பெரியவளின் கை வாய்க்குப் போகும் வழியிலேயே நின்றது.

"அப்போ... தொட்டி?"

மாமனார் அவளைப் பார்க்கவில்லை. "மத்த வேலையெல்லாம் ஒண்ணொண்ணாக் குறைஞ்சுட்டு வருது. தொட்டி நிக்கறதே இனி இவர் ஆர்டரை நம்பித்தான். பவுடர் மட்டும்னு ஆயிட்டா தொட்டியை எடுத்துட்டு அங்க இன்னொரு ஓவன் போட்டுடலாம்."

"நான்?"

"உனக்கென்ன, வீட்ல வேலையா இல்ல?" என்றார் மாமியார், கரண்டியைத் தட்டி. "எனக்கும் முட்டி வலி. வந்து அடுப்படியைப் பார்த்துக்க."

கணவன் சமாதானம் சொல்கிறேன் பேர்வழி என்று குனிந்தான். "கவலைப்படாத. சின்னவளே உனக்காகத்தான் இந்த யோசனையைச் சொன்னா. 'அக்கா தொட்டியை மூடக் கூடாது, மாமா. ரெண்டையும் சேர்த்துப் போட்டா ரெண்டும் நிக்கும்'னு அன்னைக்குப் பூங்காக்காரர் போனப்புறம் அப்பாகிட்ட மல்லுக்கட்டியிருக்கா. எனக்கே இன்னைக்குக் காலைலதான் தெரியும்."

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். எதிரில் சின்னவள் தட்டிலேயே கண்ணாக இருந்தாள்.

கதையாக இருந்தால் இந்த இடத்தில் பெரியவளின் மனசு உருகியிருக்க வேண்டும். உருகவில்லை. வயிறு இன்னும் ஒரு சுற்று அதிகமாக எரிந்தது. 'இவ பிச்சை போட்டு என் தொட்டி நிக்கணுமா? இவ மல்லுக்கட்டித்தான் எனக்கு இந்த வீட்ல இடமா?'

ஆனால் அந்த எரிச்சலுக்கு நடுவே இன்னொன்றும் புரிந்தது. கவிழ்த்தது சின்னவளை அல்ல. தன் தொட்டியைத் தானே கவிழ்த்திருக்கிறாள்.

* * *

கை கழுவினவுடன் பெரியவள் பத்தடியைத் தாண்டினாள். ஓவன் கொட்டகைக்குள் போனது இத்தனை மாதங்களில் இதுதான் முதல் தடவை.

நான்கு தாங்கிகளும் கம்பியில் தொங்கின. செக்கச்செவேலென்று, ஒரு புள்ளி குற்றம் இல்லாமல். வேறொரு நாளாக இருந்தால் அந்த அழகுக்கே அவளுக்குத் தூக்கம் போயிருக்கும். இன்று அந்த அழகைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"வாங்கக்கா!" சின்னவள் ஒரு துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "தொட்டுப் பாருங்க, ஆறிடுச்சு."

"நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

சொல்ல வாய் வந்தது. சொல் வரவில்லை. என்னவென்று சொல்வது? மறந்துட்டேன் என்றா? இந்தக் கைக்கு மறதியா? தெரிஞ்சேதான் செஞ்சேன் என்றா? அதைவிட ஓவனுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

"இந்தத் தாங்கியை இன்னைக்குக் காட்ட வேண்டாம். நாளைக்குப் புதுசாப் போட்டு..."

வாசலில் கார் நின்றது. கதவு சாத்துகிற சத்தத்துக்குப் பின்னாலேயே மாமனாரின் "வாங்க, வாங்க, உங்களைத்தான் எதிர்பார்த்திட்டிருக்கோம்!" வந்தது. சின்னவள் கம்பியோடு தாங்கிகளைக் கழற்றிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டாள்.

விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் பெரியவள் பின்னாலேயே போனாள்.

பூங்காக்காரர் ஒரு தாங்கியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெயிலில் பிடித்தார். நகத்தால் சுரண்டினார். "பார்க்க நல்லா இருக்கு. போன தடவையும் பார்க்க நல்லாத்தான் இருந்தது." சட்டைப் பையிலிருந்து பிளேடை எடுத்தார். தட்டையான இடத்தில் நெடுக்கே கோடுகள், குறுக்கே கோடுகள். குட்டிக் குட்டிச் சதுரமாகச் சிவப்பு பிரிந்தது. அதன் மேல் ஒட்டும் டேப்பை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.

"இதை இழுக்கும்போது ஒரு சதுரம்கூட கூட வரக் கூடாது. வந்ததுன்னா, ஐயா, நான் பவுடர் மட்டும் போதும்னு போயிட்டே இருப்பேன்."

டேப்பின் நுனியை அவர் விரல் பிடித்தது.

பெரியவளின் கண்ணுக்கு முன்னால் துத்தநாகத் தொட்டி காலியாகிக் கவிழ்ந்து கிடந்தது.

"இழுக்காதீங்க!"

முற்றமே திரும்பியது. தன் குரல்தான் அது என்று பெரியவளுக்கே ஒரு கணம் கழித்துத்தான் விளங்கியது.

"அந்தத் தாங்கி சரியில்ல. உரிஞ்சு வந்துடும். இழுக்காதீங்க."

ஆனால் பழகின கை நிற்குமா? திடுக்கிட்ட வேகத்திலேயே அது டேப்பை விருட்டென்று இழுத்துவிட்டிருந்தது.

பூங்காக்காரர் டேப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். டேப் கண்ணாடி மாதிரி இருந்தது. தாங்கியைப் பார்த்தார். ஒரு சதுரம் நகரவில்லை.

இன்னொரு தாங்கியை எடுத்து அதிலும் கீறி இழுத்தார். அதிலும் ஒன்றும் வரவில்லை.

"என்னம்மா, உரியும்னு சொன்னீங்க. ஆணி அடிச்ச மாதிரி நிக்குதே!" என்று சிரித்தார். "சொந்த வேலையை நீங்களே நம்ப மாட்டீங்களா?"

பெரியவள் தாங்கியையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருக்க முடியாது. அவள் கையால்தான் மஞ்சளில் முக்கினாள். எப்படி?

"ஏம்மா நிறுத்தச் சொன்ன?" மாமனாரின் குரல் அமைதியாக இருந்தது. அவர் குரல் அமைதியாக இருந்தால் வீட்டில் பாத்திரம்கூட ஓசைப்படாது.

"அது... நான்..."

"அக்கா அப்படித்தான், மாமா!" சின்னவள் குறுக்கே புகுந்தாள். "சாப்பிட்டு முடிச்சதும் வந்து, இன்னும் ஒரு நாள் ஆறட்டும், இன்னைக்கே சோதிக்க வேண்டாம்னு எங்கிட்ட சொன்னாங்க. நான்தான் கேக்கல. சார், அடியில இருக்கறது அவங்க வேலை. அது சரியா இல்லன்னா என் பவுடர் ஒரு நிமிஷம் நிக்காது."

"அப்போ அவங்களுக்கும் சேர்த்து ஒரு நன்றி," என்றார் பூங்காக்காரர். "ஐயா, இதே மாதிரி எல்லாத் தாங்கியும். எப்ப ஆரம்பிக்கலாம்?"

மாமனார் பதில் சொன்னார், கையைக் குலுக்கினார், காரின் கதவு வரை போய் வழியனுப்பினார். எல்லாம் முறையாகச் செய்தார். ஆனால் திரும்பி வரும்போது வீட்டுக்குள் போகவில்லை. நேராகத் தொட்டிக் கொட்டகைக்குள் நுழைந்தார்.

மஞ்சள் தொட்டிக்கு மேலே, காலையில் தாங்கிகளை மாட்டின நான்கு கொக்கிகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் நுனியில் மஞ்சள் காய்ந்திருந்தது.

* * *

சின்னவள் குழாயடியில் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தாள். விரல் முட்டிகள் நான்கும் தோல் உரிந்து சிவந்திருந்தன. தண்ணீர் பட்டதும் முகம் சுளித்தாள்.

பெரியவளுக்கு இப்போது புரிந்தது. சாப்பாட்டின்போது மேசைக்கு அடியில் ஒளிந்திருந்த கை இதுதான்.

"உப்புத்தாளா?"

"உப்புத்தாள்தான். மூலையெல்லாம் தேய்க்கறதுக்குள்ள உயிர் போயிடுச்சு. துத்தநாகம் போகாம மஞ்சள் மட்டும் போகணுமே."

"உனக்குத் தெரிஞ்சுதா?"

"துணியை எடுத்ததும் தெரிஞ்சுது. எங்கப்பா பட்டறையில இது மாதிரி ஒரு லோடு முழுக்க உரிஞ்சு திரும்பி வந்திருக்கு."

"அப்போ ஏன் என்கிட்ட வந்து கேக்கல?"

சின்னவள் குழாயை மூடினாள். "கேட்டிருந்தா மறந்துட்டேன்னு சொல்லியிருப்பீங்க. நானும் நம்பிட்ட மாதிரி நடிச்சிருக்கணும். அதுக்கு உப்புத்தாளே தேவலாம்னு தோணிச்சு."

சிரிக்கிற மாதிரிதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருக்கலாம். ஊரைக் கூட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருக்கலாம். மன்னித்துவிட்டு, தோல் உரிந்த கையோடு எதிரில் நிற்கிறவளை என்ன செய்வது? நல்லவளாக இருப்பதிலும் இவள்தான் முந்திக்கொள்ள வேண்டுமா? நன்றி சொல்லப் பெரியவள் வாயைத் திறந்தாள். வேறு ஏதோ வந்தது.

"எல்லாத்துலயும் நீ ஜெயிக்கணும், இல்ல?"

சின்னவள் ஈரக் கையை உதறினாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்: "எங்கப்பா பட்டறையை மூடினப்போ ஓவனையும் என்னையும் ஒண்ணாத்தான் வண்டி ஏத்தி இங்க அனுப்பினார். இந்த வீட்ல எல்லாரும் கொஞ்சறது என்னை இல்லக்கா, அந்த ஓவனை. நாளைக்கு அது கெட்டுப் போச்சுன்னா எனக்கு என்ன இருக்கு? உங்களுக்குக் கையில தொழில் இருக்கு. தொட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு வாசனையிலேயே சொல்றீங்க. கல்யாணமாகி வந்த முதல் நாள்லேருந்து நான் அதைத்தான் பார்த்திட்டிருக்கேன்."

பார்த்திட்டிருக்கேன் என்ற சொல் பெரியவளுக்கு ஏனோ உறுத்தியது. பாராட்டாக எடுத்துக்கொள்வதா, பயந்துகொள்வதா என்று முடிவு செய்வதற்குள் பின்னால் காலடி கேட்டது.

மாமனார். கையில் ஒன்றும் இல்லை. முகத்திலும் ஒன்றும் இல்லை.

"பூங்காக்காரருக்கு வேலை நாளையிலேருந்து," என்றார். "அடியும் மேலும் ஒண்ணா நிக்கணும்னா, ரெண்டு பேருக்கும் ரெண்டு வேலையும் தெரிஞ்சிருக்கணும். சூட்டுக்குப் போற சாமானுக்கு என்ன செய்யக் கூடாதுன்னு சூட்டுப் பக்கம் நின்னு பார்த்தாத்தான் சிலருக்கு உறைக்கும்."

கொக்கிகளைக் கழுவாமல் விட்டது பெரியவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"நாளைலேருந்து நீ ஓவனுக்குப் போ. தொட்டியைச் சின்னவ பார்த்துக்கட்டும்."

"மாமா... தொட்டி..."

"தொட்டி எங்கயும் போகல. அங்கேயேதான் இருக்கும்."

தொட்டி இருக்கும். குமிழியும் இருக்கும். அதற்கு முன்னால் வேறொருத்தி நிற்பாள். பத்தடி தள்ளி, வெக்கையில் நின்றுகொண்டு, அவள் கை தன் கொக்கியைப் பிடிப்பதையும் தன் தொட்டியில் இறக்குவதையும் நாள் முழுக்கப் பார்க்க வேண்டும். வெள்ளியாய் வந்ததைத் தூக்கிக் காட்டும்போது மாமனார் சொல்லப்போகிற முழு வாக்கியத்தையும் கேட்க வேண்டும்.

பெரியவள் சின்னவளைப் பார்த்தாள். வெட்கத்தை விட்டுப் பார்த்தாள். காலையில் உப்புத்தாளால் காப்பாற்றியவள், மதியம் ஒரு பொய்யால் காப்பாற்றியவள். இப்போது ஒரே ஒரு வார்த்தை போதும். 'வேண்டாம் மாமா, அது அக்கா இடம்' என்று அவள் சொன்னால் மாமனார் கேட்பார். அவள் சொன்னால் அவர் எதைத்தான் கேட்கவில்லை?

சின்னவள் தோல் உரிந்த விரல்களை ஏப்ரனில் மெதுவாகத் துடைத்தாள். ஒரு விரல், அடுத்த விரல், அதற்கடுத்த விரல். பிறகு தலையைத் திருப்பித் தொட்டிக் கொட்டகையைப் பார்த்தாள்.

"சரிங்க மாமா," என்றாள்.